அண்டி ஆபீஸ் பாய்லர்காரர் ஊட்டி ரயிலில் ஏறினார்

ஊட்டி மலை ரயிலில் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மஞ்சு, அருவி, தேயிலைத் தோட்டம், குகைக்குள் பிள்ளைகள் போடும் கூச்சல். எல்லாம் உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் எங்களோடு வந்த ஒரு ஆள் குன்னூர் வரைக்கும் பள்ளத்தாக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வண்டி போகிற திசைக்கு எதிராகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் வரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் என் அப்பா. இயற்கைக் காட்சி வேண்டுபவர்கள் வேறு பதிவுகளைப் படித்துக்கொள்ளுங்கள், நிறைய இருக்கிறது.

அப்பா மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸில் பாய்லர் பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். பச்சைக் கொட்டையை அப்படியே வெட்ட முடியாது. தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். அதனால் முதலில் ஆவியில் வேகவைத்து, ஆறப்போட்டு, அப்புறம்தான் வெட்டுவார்கள். அந்த ஆவிக்குத்தான் பாய்லர். விறகும் அண்டித்தோடும் போட்டு எரிப்பார்கள். அம்மாவும் அதே ஆபீஸில்தான், தோடு வெட்டுகிற இடத்தில். கையில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு வெட்டினாலும் விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஆபீஸை மூடி வருஷக்கணக்காகிவிட்டது.

ஆபீஸ் போனாலும் பாய்லர்காரர் போகவில்லை. எங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் அவருடைய பொறுப்பு. கேஸ்கெட் மாற்றுவது, வெயிட் ஓட்டையை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்வது, சேஃப்டி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எல்லாம் அவர்தான். விசில் வருகிற நேரத்தில் கொஞ்சம் தாமதமானால்கூட எழுந்து அடுப்படிக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்குச் சமையல்ல இவ்வளவு ஆர்வமா?" என்று கேட்டார்.

எங்கள் மாவட்டத்துக்கும் ரயிலுக்கும் உள்ள கதை தனிக்கதை. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்கு 1918-ல் வந்தது. நடுவில் கிடந்த நாங்கள் அப்போது திருவிதாங்கூரின் தெற்கு மூலை. 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்களுக்கு பஸ்தான். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் வந்தது 1979-ல், அதுவும் திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலிப் பாதை 1981-ல்தான் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது 1899-ல். சரியாக எண்பது வருஷ வித்தியாசம். "வெள்ளைக்காரனுக்கு வேர்க்குதுன்னு மலைமேல பல்லு வெச்ச தண்டவாளம் போட்டான். நமக்குத் தென்னந்தோப்புக்குள்ள போட ஆள் இல்ல" என்பார் அப்பா. எரணியல் ஸ்டேஷனில் கூட்டத்தோடு நின்று முதன்முதலாக வண்டியைப் பார்த்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. அதற்குள் பாய்லர் வேலையில் நன்றாகப் பழுத்திருந்தார். நீராவி எஞ்சினைக் கிட்டத்தில் நின்று பார்க்க மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை.

அதனால்தான் இந்தப் பயணம். பிள்ளைகளுக்காகப் போனோம் என்று எல்லாரிடமும் சொன்னோம்.

டிக்கெட் எடுப்பது ஒரு சிறு போர். பயணத் தேதிக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். வண்டியில் இருப்பதே நாலைந்து பெட்டி. சனி, ஞாயிறு, பரீட்சை லீவு என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து, அவருக்குப் பணம் கட்டுகிற இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்க, எனக்குக் கிடைத்தது. பிப்ரவரியில் ஒரு வார நாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மழையில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டால் வண்டி கிடையாது, மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி கிளம்பும் கோயம்புத்தூர் வண்டியில் போனால் காலையில் மலை ரயிலைப் பிடிக்க முடியாது. அது மேட்டுப்பாளையத்தில் 7:10-க்கே எடுத்துவிடுகிறது. ஆகவே ஒரு நாள் முன்னாடியே போய்த் தங்கியாக வேண்டும். அம்மா மட்டிப்பழம் ஒரு சீப்பு, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, வாழையிலையில் பொதிச்சோறு என்று கட்டிய பையைத் தூக்கவே தனியாக ஒரு ஆள் தேவைப்பட்டது. "ஊட்டியில கடை இல்லியா?" என்று கேட்டதற்கு, "கடை இருக்கும், இது இருக்குமா?" என்றாள்.

தங்கிய லாட்ஜில் காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வரும் என்று சுவரில் எழுதியிருந்தது. வரவில்லை. நான் கீழே போய்ச் சண்டை போடலாமென்று கிளம்ப, அப்பா குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஹீட்டர் காயில்ல சுண்ணாம்பு பிடிச்சிருக்கும் மக்ளே, அவனைச் சொல்லிக் குற்றமில்ல" என்று பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு எங்களுக்கு முன்னால் தயாராகி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று அம்மா சொன்னாள். கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் மற்ற எல்லாரும் நீலமும் வெண்மையுமான பெட்டிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அப்பா நேராகக் கடைசிக்குப் போனார். எஞ்சின் அங்கேதான் நின்றது, அடியில் எங்கெங்கோ ஆவி கசிந்தபடி. என் சின்னவளுக்கு ஏமாற்றம். "எஞ்சினைப் பின்னாடி மாட்டிட்டாங்க தாத்தா, தப்பா மாட்டிட்டாங்க."

"தப்பில்ல மக்கா. இவன் இழுக்கமாட்டான், தள்ளுவான். ஏத்தத்துல கொளுத்து அறுந்தா பெட்டி கீழ ஓடிரும்லா? எஞ்சின் கீழ நின்னா தாங்கிக்கிடும்."

இதை அவர் எங்கேயும் படித்ததாகத் தெரியவில்லை. பார்த்ததும் சொன்னார்.

ஓட்டுநர் நிற்கும் இடத்தில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாய் இருந்தது. அப்பா அதைத்தான் முதலில் தேடினார். ஒரு சாண் உயரக் கண்ணாடி, உள்ளே தண்ணீர் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்டி ஆபீஸ் பாய்லரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஷிப்ட் முழுக்க அதை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் தகடு தீயில் வெறுமனே காய்ந்தால் பாய்லர் வெடிக்கும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். இப்போது அவர் பிளாட்பாரத்தில் நின்று, கண்ணாடியையும் அதன் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பையனையும் மாறிமாறிப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். கையில் எண்ணெய்த் துணி.

"ஏத்தத்துல தண்ணி ஒரு பக்கமா சாயுமே தம்பி, கண்ணாடியில மட்டம் சரியாக் காட்டுமா?"

அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் செல்ஃபி கேட்டுக்கொண்டிருந்த நேரம். "நீங்க லோகோவுல இருந்தீங்களாங்க ஐயா?" என்றான்.

"இல்ல, நான் கன்னியாரி பக்கம். அண்டி ஆபீஸ்ல பாய்லர்."

அவனுக்கு அண்டி ஆபீஸ் புரியவில்லை, பாய்லர் புரிந்தது. அதன்பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. சாய்வுக்குத் தக்கபடி கணக்குப் போட்டுத்தான் மட்டம் பார்ப்போம், சமதரையில் பார்க்கிற மாதிரி பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்று அவன் சொல்ல, அப்பா "அதானே" என்று தலையாட்டினார். எங்கள் ஆபீஸில் ஏழு கிலோ பிரஷரில் வால்வு தூக்கிவிடும் என்றார் அப்பா. "ஏழெல்லாம் இதுக்குக் காணாதுங்க" என்று சிரித்தான்.

ஒரே ஒரு இடத்தில் அப்பாவின் முகம் வாடியது. கரி எங்கே என்று கேட்டார். கரி இல்லை, எண்ணெய். இந்தப் பாதையில் காலம்காலமாகக் கரிதான் போட்டார்கள். 2002-ல்தான் எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்ற ஆரம்பித்தார்கள். பழைய எஞ்சின்கள் 'எக்ஸ்' வகை, சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. 1914-லிருந்து 1952 வரைக்கும் தவணை தவணையாக வந்திருக்கின்றன. பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்யத் தொடங்கி, 2021-ல் மறுபடி கரியில் ஓடுகிற ஒன்றையும் செய்து அனுப்பினார்கள். எங்களுக்கு வாய்த்தது எண்ணெய் எஞ்சின். தீயைத் தள்ளி விடுவது, கங்கைக் கிளறுவது, எந்தப் பக்கம் வெளுத்து எரிகிறது என்று பார்த்து மண்வெட்டியால் வீசுவது, இதெல்லாம் கைவேலை. அது இங்கே இல்லையென்றானதும் அப்பாவுக்குக் கொஞ்சம் சப்பென்று போனது. ஆனால் எண்ணெயை ஆவியால் பூப்போலச் சிதறடித்து உள்ளே அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் அதையும் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டார்.

எங்களுக்குக் கிடைத்தது எஞ்சினை ஒட்டிய பெட்டி. புகை வருமே என்று கூட வந்த ஒரு குடும்பம் முனகியது. அவர்களுக்கு முன்பெட்டி கிடைத்திருந்தால் பாதை தெரியும், படம் எடுக்கலாம். அப்பாவுக்கு மட்டும் லாட்டரி. மரப்பெட்டி, எதிரெதிர் பெஞ்சு, கால் நீட்ட இடமில்லை. வளர்ந்த ஆள் உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் முட்டியோடு முட்டி இடிக்கும். ஐந்து மணி நேரம் அப்படி என்றால் வயதானவர்களுக்குக் கஷ்டம்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லார் வரைக்கும் சாதாரண ரயில். பாக்குத்தோப்பு, வாழை, ஒரு பாலம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாக்கிலும் வாழையிலும் என்ன புதுமை? அம்மா பொதிச்சோற்றை எப்போது பிரிக்கலாம் என்ற யோசனையில் இருந்தாள். கல்லார் தாண்டியதும் வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்ட மாதிரி மெதுவானது. அடியில் எதையோ கடிக்கிற மாதிரி ஒரு நறநறப்பு, ஒரு சின்ன உலுக்கல். சத்தம் மாறியது. அதுவரை ஒரே தாளமாக வந்துகொண்டிருந்ததில் இன்னொரு தாளம் சேர்ந்துகொண்டது. அப்பா கையைத் தூக்கி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"பல்லு பிடிச்சிட்டு."

இதுதான் இந்த ரயிலின் சூட்சுமம். கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் சுமார் 12 அடி போனால் ஒரு அடி உயரம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு ஏற்றம் ஏறாது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் வயிற்றில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 'ஆப்ட்' முறை என்று பேர். 1854-லேயே ஊட்டிக்கு ரயில் என்று பேச்சு ஆரம்பித்து, குன்னூர் வந்து சேர 1899 ஆனதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம். இங்கே மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம்.

எஞ்சினில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. ஏற்றத்தில் முதல் இரண்டில் வேலை செய்து முடித்த ஆவியை வெளியே விடாமல் அடுத்த இரண்டுக்கு அனுப்புகிறார்கள். பிளாட்பாரத்தில் அந்தப் பையன் சொன்னதை அப்பா இப்போது எங்களுக்கு விளக்கினார். விளக்கும்போதே அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது.

"நம்ம ஆபீஸ்ல கொட்டைய வேகவெச்ச ஆவி சும்மா கூரை வழியா போகும், பாத்திருக்கேல்லா? இவன் ஒருதரம் வேலை வாங்கின ஆவிகிட்ட மறுபடியும் வேலை வாங்குகான்!"

அம்மா அச்சுமுறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "நம்ம முதலாளிமாரு இதைப் பாக்காததே நல்லது."

பெட்டியே சிரித்தது. புகைக்காக முனகிய குடும்பத்துக்கும் முறுக்கு போனது.

இதற்குள் என் மூத்தவன் வேறொரு கேள்வியைப் பிடித்திருந்தான். எஞ்சின் பின்னால் இருக்கிறது, ஓட்டுநருக்கு முன்னால் பாதை எப்படித் தெரியும்? தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு சின்ன திண்ணை மாதிரி இடத்தில் பிரேக்காரர் ஒருவர் நிற்கிறார். முதல் பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்து கொடி காட்ட, அது அடுத்தடுத்த பெட்டிக்காரர் வழியாகப் பின்னால் எஞ்சினுக்கு வந்து சேர்கிறது. பாறை விழுந்து கிடந்தாலும் யானை நின்றாலும் ஓட்டுநர் கொடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பெட்டியின் பிரேக்காரர் வெயிலில் காய்ந்து கறுத்த மனிதர், வாயில் வெற்றிலை. வளைவு வந்ததும் உடம்பை வெளியே சாய்த்து முன்பெட்டியின் கொடியைப் பார்ப்பார், இடது கையால் தன் கொடியை ஆட்டுவார், வலது கை பிரேக் சக்கரத்தை விட்டு எடுப்பதில்லை. விசில் ஒருதரம் என்றால் ஒரு திருப்பு, வேறு மாதிரி என்றால் அவிழ்ப்பு. பயணிகள் பாட்டுப் பாடிக்கொண்டும் சிப்ஸ் தின்றுகொண்டும் இருக்க, நான்கு திண்ணைகளில் நான்கு பேர் இந்த வண்டியை மலையில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க வண்டி நின்றது. எல்லாரும் இறங்கி டீக்கடைக்கு ஓட, குரங்குகள் எங்களுக்காகக் காத்திருந்தன. சின்னவள் கையில் இருந்த மட்டிப்பழத்தை ஒன்று பறித்துக்கொண்டு போய், தோலை உரித்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அம்மாவின் பையைப் பார்த்தது. "நல்ல பழம் எதுன்னு அதுக்குத் தெரியும்" என்று அம்மாவுக்குப் பெருமை வேறு.

அப்பா தண்டவாளத்தருகே குனிந்து உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். நடுவே ஓடுவது ஒரு பட்டை இல்லை, அருகருகே இரண்டு பட்டைகள். கறுப்பு மசகும் மணலும் அப்பிய பற்கள், உரசுகிற இடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு பட்டையில் பல் இருக்கிற இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம். ஒரு பல் விடுகிற நேரத்தில் இன்னொரு பல் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக அப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பா விரலால் இரண்டையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். விரல் நுனி கறுத்துப்போனது. துடைக்கவில்லை.

பிரேக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "பெட்டிக்கும் ரெண்டு பிரேக் இருக்குதுங்க. ஒண்ணு சக்கரத்துக்கு, இன்னொண்ணு இந்தப் பல்லுக்கு." எத்தனை வருஷமாக வேலை, மழையில் எப்படி நிற்பீர்கள், சம்பளம் ஒழுங்காக வருமா என்று அப்பா விசாரித்தார். சம்பளம் ஒழுங்காக வருமா என்பது அண்டி ஆபீஸ்காரர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. வரும் என்றார் அவர். "அப்போ நல்ல வேலை" என்று எழுந்துகொண்டார் அப்பா.

அதற்கப்புறம் குகைகள். மொத்தப் பாதைக்கும் 16 குகை, 250 பாலம், 208 வளைவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் குகையை எண்ண ஆரம்பித்து, எதை எண்ணினோம் என்பதில் அடித்துக்கொண்டு, கடைசியில் கணக்கு விட்டுப்போனது. ஒவ்வொரு குகையிலும் புகை உள்ளே வந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மிளகு தூவிய மாதிரி கரிப்புள்ளி. அம்மா ஒன்றும் பேசாமல் அதை ஒருதரம், அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

குன்னூரில் எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். அங்கிருந்து ஊட்டி வரைக்கும் பல் கிடையாது, ஏற்றம் குறைவு, டீசல் எஞ்சின்தான். 1908-ல் போட்ட பகுதி இது. கழற்றிய எஞ்சின் தனியாக நகர்ந்து போவதை அப்பா பிளாட்பாரம் முடிகிற இடம் வரைக்கும் கூடவே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என் வண்டி முடிஞ்சுது. இனி நீங்க பாருங்க" என்று அம்மாவுக்கு ஜன்னலை விட்டுக்கொடுத்துவிட்டு வெல்லிங்டன் வருவதற்குள் தூங்கிப்போனார்.

அம்மாவுக்கு அப்போதுதான் ரயில் ஆரம்பித்தது. அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் வயல்களும் சின்னச் சின்ன வீடுகளும் கீழே கிடந்தன, எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் சாக்கு கட்டி, தலையில் துணி கட்டி. வண்டியைப் பார்த்து ஒருத்திகூட நிமிரவில்லை. தினமும் போகிற வண்டி. அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம், "இதுவும் கறை பிடிக்கும்லா? கொழுந்து கிள்ளினா விரல் கறுக்குமாம். கிலோ கணக்குதான் கூலியும்" என்றாள். ஆபீஸில் அவளுக்கும் கிலோ கணக்குதான்.

ஊட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மத்தியானம் போய் இறங்கினோம், குளிர், கூட்டம். ஸ்டேஷனில் ஓரமாக உட்கார்ந்து பொதிச்சோறு சாப்பிட்டோம். வாழையிலை வாடி மணம் சோற்றில் இறங்கியிருந்தது, அந்தக் குளிரில் அதைவிட நல்ல சாப்பாடு கிடைத்திருக்காது. ஏரியில் படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே வேண்டாம் என்றார்கள். வறுக்கி வாங்கினோம். பஸ்ஸில் மலை இறங்கினோம், மூத்தவன் பர்லியாறு தாண்டும்போது வாந்தி எடுத்தான். ராத்திரி கோயம்புத்தூரில் நாகர்கோவில் வண்டி.

அந்த வண்டியில் அப்பா தூங்கவில்லை. பழைய ஆபீஸ் கூட்டாளி ஒருவருக்குப் போன் போட்டு, மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில் இரண்டாவது தரம் வேலை வாங்குகிற ஆவியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். "அதெப்படி பிரஷர் காணும்னு நானும் நெனச்சேன். ஆனா காணுதுலே, காணுது!" என்றார். கீழ் பெர்த்தில் இருந்தவர் விளக்கை அணைக்கச் சொல்லும் வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு புதிய பிரச்சினை. ஏறுவதைப் பார்த்தாயிற்று, இறங்குவதைப் பார்க்கவில்லையே என்று ஆரம்பித்திருக்கிறார். குன்னூரில் யாரோ ஒரு ஊழியர் அவரிடம், இறங்கும்போது ஆவி தள்ளவேண்டியதில்லை, சிலிண்டரையே காற்றை அழுத்தும் பம்பு மாதிரி மாற்றி அதன் எதிர்ப்பில் வண்டியைப் பிடித்து நிறுத்துவோம் என்று சொல்லியிருக்கிறார். அது இவர் மண்டைக்குள் புகுந்துவிட்டது. மத்தியானம் 2 மணிக்கு ஊட்டியில் எடுக்கிற வண்டியில் வந்தால் குன்னூரில் எஞ்சின் மாட்டுவதிலிருந்து எல்லாம் பார்க்கலாம், இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கும், கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்கிறார். அம்மா வருவதாக இல்லை. கடைசிப் பெட்டியில் சீட் போட்டால் வருகிறேன் என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறாள், புகை வராதாம்.

அப்பா காலண்டரில் 60 நாள் எண்ணி ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். அன்று சின்னவளுக்குக் கணக்குப் பரீட்சை. இதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.